சேலை கட்டிய வாளி

டொங்காட்டில் குழாய் வெறும் காற்று விட்ட
இருபத்தெட்டாம் நாள்
யாரோ என்னை அந்தக் குழுவில் சேர்த்தார்கள்.
தண்ணீர் லாரி எங்கே நிற்கிறதென்று சொல்ல மட்டுமான குழு.
அதை மட்டும் யாரும் சொல்லவில்லை.

முக்கால்வாசி ஆங்கிலம், ஊடே ஜூலு,
தமிழ் திட்டுவதற்கு மட்டும்.
"நகராட்சி நமக்குத் தண்ணி காட்டுது" என்றார் ஒருவர்.
அதற்கு அர்த்தம் கேட்டார் இன்னொருவர்.
விளக்கி முடிக்கப் பதினான்கு செய்திகள்.
நகைச்சுவை ஐந்தாவதிலேயே செத்துப்போயிருந்தது.

பெயர்கள் இல்லை. பட்டப்பெயர்கள்.
மூன்றாம் மாடி எழுதுவாள்:
"எங்கள் கட்டடத்தில் லிஃப்ட் வேலை செய்கிறது.
நான்தான் அந்த லிஃப்ட்."
ஓட்டை வாளி எழுதுவார்:
"லாரி பள்ளிவாசல் பக்கம் வந்துவிட்டது.
ஓட்டுநர் இறங்கி
நம்மிடம் தண்ணீர் கேட்கிறார்."

நான் சொட்டு.
பகலில் மருந்துக்கடையில்
இருமல் மருந்துக்கு விலை ஒட்டுகிறவள்.
"அடுத்தவர்", "சில்லறை இல்லையா",
ஒரு நாளைக்கு அவ்வளவுதான் என் வாய்.
இரவில் எழுதினேன்:
"தட்டுகளை நானே நக்கி வைக்கிறேன்,
பூனை கோபித்துக்கொண்டு போய்விட்டது."
முப்பத்தொரு பேர் சிரித்தார்கள்.
பல் தேய்க்க ஒதுக்கியிருந்த அரைக் குவளையை
அன்று ஒரே மடக்கில் குடித்தேன்.

பிறகு அந்தப் படம்.
லாரி வரிசையில் ஒரு திறந்த வண்டி,
பின்னால் பதினொரு வாளி.
ஆளுக்கு இரண்டு என்பதுதான் பேச்சு.
எனக்குக் கை துறுதுறுத்தது.
"பதினொன்றா? வீட்டில் நீர்யானைக்குக் கல்யாணமா?"
நாற்பத்துநான்கு பேர். என் உச்சம்.
ஓட்டை வாளி அழைப்பிதழ் கேட்டார்.
மாப்பிள்ளை வீட்டார் எத்தனை டன் என்றாள் மூன்றாம் மாடி.

இரண்டு மணி நேரம் கழித்துப் பதில் வந்தது,
பட்டப்பெயர் வைத்துக்கொள்ளாத ஒரே ஆளிடமிருந்து.
குபேந்திரன் கவுண்டன்.
"அப்பாவைக் குளிப்பாட்ட.
மீதி, வருகிறவர்களுக்குத் தேநீர் போட.
மன்னிக்கவும். அடுத்த முறை என் பங்கை விட்டுவிடுகிறேன்."

மன்னிக்கவும் என்று அவர் எழுதியிருந்தார்.
அவர்.

என் செய்தியை அழிக்க விரலை வைத்தேன்.
அழித்தால் "நீக்கப்பட்டது" என்று
அங்கே ஒரு கல்லறை நிற்கும்.
அழிக்காவிட்டால் நீர்யானை நிற்கும்.
விரல் அப்படியே இருந்தது, திரை அணைந்தது.

மறுபடி தொட்டபோது
ஓட்டை வாளி எழுதியிருந்தார்:
"எந்தத் தெரு?"
அவர் சிரிக்காமல் எழுதி நான் பார்த்தது
அந்த இரண்டு சொல்தான்.

மின்வெட்டு நேரம். தெருவே தெரியவில்லை.
இருட்டில் வாளிகள் மட்டும் வந்துகொண்டிருந்தன
களுக் களுக்கென்று.
மூச்சிரைப்பை வைத்து மூன்றாம் மாடியைக் கண்டுபிடித்தேன்.
"அமான்ஸி" என்று மட்டும் சொல்லிக்
கேனை உள்ளே கொடுத்தாள்.
ஓட்டை வாளி யாரென்று தெரியவில்லை.
எல்லார் வாளியும் சொட்டிக்கொண்டுதான் இருந்தது.

நான் கேட்டுக்குள் போகவில்லை.
வாளியை வைத்தேன், நடந்தேன்.
மூலையில் திரும்பும்வரை ஓடவில்லை,
அதற்குப் பிறகு ஓடினேன்.

அடுத்த நான்கு நாள்
லாரி எங்கே நிற்கிறதென்று மட்டும் சொன்னது குழு.
அது எவ்வளவு சலிப்பான விஷயம் என்று
அப்போதுதான் தெரிந்தது.

ஐந்தாம் நாள் இரவு, குபேந்திரன் கவுண்டன்:
"கேட் அருகே ஒரு மஞ்சள் வாளி.
கைப்பிடிக் கம்பி இருக்க வேண்டிய இடத்தில்
சேலைக் கரையை முறுக்கிக் கட்டியிருக்கிறது.
இந்த நாட்டிலேயே சேலை கட்டிய ஒரே வாளி இதுதான்.
பெண் வீட்டார் யாராவது இருந்தால் வரவும்.
நீர்யானை காத்திருக்கிறது."

எத்தனை பேர் சிரித்தார்கள் என்று நான் எண்ணவில்லை.
குளியலறைத் தரையில் உட்கார்ந்திருந்தேன்.
ஓட்டை வாளி சீர்வரிசை பேச ஆரம்பித்துவிட்டார்.

குழாயில் இப்போது தண்ணீர் வருகிறது,
முதலில் செம்மண் நிறம், பிறகு பரவாயில்லை.
குழுவில் பாதிப் பேர் வெளியேறிவிட்டார்கள்.
புது வாளி வாங்க இரண்டு முறை கடைக்குப் போனேன்,
இரண்டு முறையும் கையை வீசிக்கொண்டு திரும்பினேன்.

அந்தத் தெரு இங்கிருந்து ஆறு நிமிடம்.